டில்லியைத் தெற்கிலிருந்து காண்பது

டில்லியை முதன்முறையாகக் காணப் புறப்படும் நண்பர் எவரேனும், கையில் மூன்று நாட்களே இருக்கின்றன, எதையெல்லாம் பார்ப்பது என்று கேட்டால், ஸ்தலங்களின் பெயர்களை அடுக்குவதற்கு முன்னால் எந்தத் திசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்லுவது வழக்கம். ரயிலைவிட்டு இறங்கியவர்களில் பெரும்பாலோர் நேரே செங்கோட்டைக்குப் போகிறார்கள். அது நிலையத்துக்குச் சமீபத்தில் இருக்கிறது. சுதந்திர தினத்தன்று பிரதம மந்திரி கொடியேற்றும் இடமாதலால் சிறு பிராயத்திலிருந்தே அதன் பெயர் நம் மனத்தில் பதிந்தும் இருக்கிறது. ஆனால் ஷாஜஹான் அதைக் கட்டி முடித்தது 1648-ல். அதற்கு ஏறக்குறைய 450 ஆண்டுகளுக்கு முன்பே, தெற்கே மெஹ்ரோலியின் பாறை நிலத்தில் சுல்தான்களின் அரசு வேரூன்றிவிட்டது. பின்னால் வந்தவர்கள் தண்ணீரையும் காவலையும் நாடி, முந்தியவரின் ஊரை விட்டு விலகித் தத்தமக்குப் புதிய மதில்களை எழுப்பிக்கொண்டே சென்றதால், ஏழு என்று வழக்கமாக எண்ணப்படும் பழைய தலைநகரங்கள் மெஹ்ரோலிக்கும் யமுனைக் கரைக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டருக்குள் சிதறிக் கிடக்கின்றன. தெற்கே தொடங்கி வடக்கே நடப்பவருக்கு அந்த நகரம் தன் சரித்திரத்தைப் பெரும்பாலும் வரிசை மாறாமல் தானே சொல்லிவிடுகிறது.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். முதல் தடவை சென்றபோது, ஒரே பகலில் அத்தனை இடங்களையும் காட்டிவிடுவதாகச் சொன்ன ஒரு பஸ்ஸில் ஏறி, இடத்துக்கு அரை மணி வீதம் இறங்கி ஏறினேன். இரவு விடுதிக்குத் திரும்பிக் கண்களை மூடினால் சிவப்புக் கல்லும் குவிமாடங்களும் ஒன்றோடொன்று கலந்து வந்தனவேயொழிய, எது எவருடையது, எது எதற்கு முந்தியது என்று ஒன்றும் தெளிவாகவில்லை. அந்த வருத்தம் நெடுநாள் என்னை விட்டு நீங்கவில்லை. மறுமுறை போனபோது பாதி இடங்களை விட்டுவிட்டேன். பார்த்த பாதி இன்றும் என்னுடன் இருக்கிறது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே, ஜூனில் ‘லூ’ என்ற அனல்காற்று வீசும்போது சிதிலங்களுக்கிடையே அலைவது தேகத்துக்கு ஆகாது. ஜனவரி மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்காகத் தாமதமாகின்றன. நவம்பர் முன்பு ரம்மியமான மாதமாக இருந்தது, இப்போது புகை மண்டலம் கவிந்துவிடுகிறது. ஆகவே பிப்ரவரி மத்தியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் உத்தமம். திங்கட்கிழமைகளில் செங்கோட்டை திறப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்து நாட்களை வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் காலை, மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் தெற்கே சென்று குதுப் மினாரில் இறங்குங்கள். ஏறக்குறைய 73 மீட்டர் உயரமுள்ள அந்த ஸ்தம்பத்தைக் குதுபுதீன் ஐபக் தொடங்க, அவன் மருமகன் இல்துத்மிஷ் மேலும் மூன்று அடுக்குகள் எழுப்ப, 1368-ல் இடி விழுந்து சேதமான உச்சியைப் பிரோஸ் ஷா செப்பனிட்டு ஐந்து அடுக்காக்கினான். உள்ளே ஏறுவதற்கு இப்போது அனுமதியில்லை. 1981-ல் படிக்கட்டில் விளக்கணைந்து நெரிசலில் பலர், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள், உயிரிழந்த துயரத்துக்குப் பிறகு கதவு மூடப்பட்டது. ஸ்தம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்லுவது, அதன் அடியிலுள்ள மசூதிக்குள் சென்று தூண்களின் அருகே நிற்க வேண்டும் என்பது. 27 கோயில்களின் கற்கள் இதற்குப் பயன்பட்டன என்று அதன் கீழ்வாசலிலுள்ள சாசனமே கூறுகிறது. சங்கிலியில் தொங்கும் மணிகளைச் செதுக்கிய தூண்களை, உயரம் போதாத இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். சில உருவங்களின் முகங்கள் சிதைக்கப்பட்டிருக்கின்றன. கோயில் மண்டபங்களிடையே வளர்ந்தவர்கள் அந்த மணிகளைக் கண்டதும் ஒரு கணம் பேச்சற்று நிற்பார்கள். அந்த வேதனையை மறைக்கவும் வேண்டியதில்லை, அதோடு பார்வையை முடித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஏனெனில் அங்கேயே, மேற்குப் பக்கத்தில், சிற்பிகளின் வேறொரு கதை இருக்கிறது. தொழுகை மண்டபத்துக்கு முன்னால் எழுப்பிய உயர்ந்த வில்வளைவுகளைக் கூர்ந்து கவனித்தால், கற்களின் இணைப்புகள் எல்லாம் தரைக்குச் சமமாகப் படுத்திருப்பது தெரியும். புதிய எஜமானர்கள் வளைவு கேட்டார்கள்; உள்ளூர்ச் சிற்பிகளுக்குத் தெரிந்ததோ தூணும் உத்தரமும். அவர்கள் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சிறிது உள்ளே நீட்டி அடுக்கி, நடுவில் கூடும்படி செய்து, வளைவின் தோற்றத்தைக் கல்லில் கொணர்ந்துவிட்டார்கள். சில நூறு அடிகள் நடந்து, 1311-ல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாஜாவுக்குப் போனால், அங்கே ஆப்பு வடிவக் கற்கள் ஒரே மையத்தை நோக்கிச் சாய்ந்து, ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்கும் மெய்யான வளைவைக் காணலாம். ஒரு நூற்றாண்டுக் காலம் கைகள் கற்ற பாடம் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கிறது. அந்த 1311-ல்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படை நடத்தி வந்தான் என்பதும் அந்த வாசலின் நிழலில் நிற்கும்போது நினைவுக்கு வராமற் போகாது.

மசூதி முற்றத்தின் நடுவே நிற்கும் இரும்புத் தூண் இவை யாவற்றிலும் மூத்தது. சந்திரன் என்ற அரசனைப் புகழும் சமஸ்கிருத சாசனம் அதில் இருக்கிறது. குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே அவன் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. விஷ்ணுவின் துவஜஸ்தம்பமாக வேறிடத்தில் நாட்டப்பட்டுப் பிற்காலத்தில் இங்கே கொணரப்பட்டது. 6 டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த இரும்பு, பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேலே உண்டான மெல்லிய படலத்தின் காப்பில், 1,600 ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கித் துரு தின்னாமல் நிற்கிறது. முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாக மக்கள் அணைத்த இடம் மட்டும் நிறம் மாறியிருக்கிறது. இப்போது சுற்றிலும் வேலி.

இரண்டாம் நாள் நிஜாமுதீன் பக்கம். 1325-ல் மறைந்த சூபி ஞானி நிஜாமுதீன் ஔலியாவின் சமாதியும், அதே ஆண்டில் காலமான அவருடைய சீடர் கவி அமீர் குஸ்ரோவின் சமாதியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. குறுகிய சந்துகளின் வழியே, ரோஜா மலர் விற்பவர்களைக் கடந்து அங்கே போக வேண்டும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஹுமாயூன் சமாதி. 1556-ல் பழைய கோட்டையிலுள்ள நூலகத்தின் படிகளில் தவறி விழுந்து மாண்ட பாதுஷாவுக்கு அவர் விதவை ஹாஜி பேகம் எழுப்புவித்த இந்தக் கட்டடம், சதுரங்களாக வகுத்த தோட்டத்தின் நடுவே, சிவப்புக் கல்லும் வெண்பளிங்கும் கலந்த சௌந்தர்யத்துடன் உயர்ந்து நிற்கிறது. தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று இதைச் சொல்லிக் கடந்துவிடுவது நியாயமல்ல. இதன் கம்பீரம் இதற்கே உரியது. 1857 செப்டம்பரில் கடைசி பாதுஷா பஹதூர் ஷா ஜாபர் தம் மூதாதையின் இந்தச் சமாதியில்தான் அடைக்கலம் புகுந்து சிறைப்பட்டார். இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862-ல் அங்கேயே மாண்டார். அவருக்கு இங்கே ஆறடி மண்ணும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை செங்கோட்டையும் ஜும்மா மசூதியும். கோட்டைக்குள் அரண்மனைப் பகுதிகள் பலவற்றை 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துப் படைவீடுகள் கட்டினார்கள். எஞ்சிய பளிங்கு மண்டபங்களுக்கு இடையே வெறுமையாய்க் கிடக்கும் புல்வெளிகளையும் பார்த்து வாருங்கள். புதுடில்லிக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதன் விசாலமான சாலைகள் 1931-ல் திறப்பு விழா கண்டவை, விளக்கேற்றிய பின் இந்தியா கேட்டருகே சற்று உலாவிவிட்டு வரலாம்.

கடைசிப் பிற்பகலை மாத்திரம் என் விதிக்கு விலக்காக்கி, மறுபடி தெற்கே துக்ளகாபாத்துக்குத் திரும்பச் சொல்லுவேன். வாழ்ந்த தலைநகரங்களைப் பார்த்த பிறகுதான் வாழாமற்போன தலைநகரம் புரியும். எல்லையில் மங்கோலியரை எதிர்த்துப் போரிட்டுப் பெயர் பெற்ற காஜி மாலிக், 1320-ல் கியாசுதீன் துக்ளக் என்று பட்டமேறியதும், எவராலும் பிடிக்க முடியாத நகரம் ஒன்று வேண்டுமென்று கருதி, சுமார் 6.5 கிலோமீட்டர் சுற்றளவுக்கு மதில் எழுப்பினான். கீழே யானையளவு பாறைகளும் மேலே உட்சாய்ந்த சுவருமாக, அலங்காரம் ஏதுமின்றி, போர்வீரன் மனத்தில் தோன்றியபடியே அது நிற்கிறது. நிஜாமுதீன் தம் மடத்துக்குக் குளம் வெட்டிக்கொண்டிருந்தபோது, வேலையாட்கள் அனைவரும் கோட்டைக்கே உழைக்க வேண்டுமென்று சுல்தான் ஆக்ஞையிட்டதாகவும், அவர்கள் இரவில் விளக்கேற்றிக் குளத்தை வெட்டியதாகவும், எண்ணெய் விற்கத் தடை வந்ததும் தண்ணீரே விளக்கில் எரிந்ததாகவும் டில்லியில் கதை வழங்குகிறது. இந்த நகரம் பாழாகும் அல்லது இடையர் குடியிருப்பாகும் என்று ஞானி சபித்தாராம். வங்காளத்திலிருந்து வெற்றியுடன் திரும்பிய சுல்தான் அவரைத் தண்டிக்கப் போகிறான் என்று சீடர்கள் அஞ்சியபோது, டில்லி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்றாராம். சரித்திரத்தில் ஐயமில்லாதது இது: 1325-ல், ஊருக்குள் நுழையுமுன், மகன் முகம்மது வரவேற்புக்காக எழுப்பிய மரமண்டபம் சரிந்து கியாசுதீன் இறந்தான். இரண்டே ஆண்டுகளில் மகன் தலைநகரைத் தக்காணத்துத் தௌலதாபாத்துக்கு மாற்றினான். துக்ளகாபாத் வெறிச்சோடியது.

இன்று மதிலுக்குள் புகுந்தால், தெருக்கள் ஓடிய தடங்களையும் வறண்ட கிணறுகளையும் மூடி வளர்ந்திருப்பது நம்மூர்க் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் அதே சீமைக் கருவேல்தான். அங்கே அதை விலாயதி கீகர் என்கிறார்கள். குரங்குகள் மதில்மேல் உட்கார்ந்து பார்க்கும். கற்கள் உருண்டு கிடப்பதால் கெட்டியான செருப்பு வேண்டும், குடிதண்ணீர் கையிலிருக்க வேண்டும். தெற்கு மதிலின் மேலேறி நின்றால், சாலைக்கு அப்பால், தானும் ஒரு சிறு கோட்டைக்குள் அடங்கிய சுல்தானின் சமாதி தெரியும். ஒரு காலத்தில் அதைச் சுற்றி ஏரி. கோட்டையிலிருந்து நீர்மேல் ஒரு கல்பாலம். ஏரி வற்றிவிட்டது, பாலத்தை இப்போது பதர்பூர் சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஆனால் சமாதியின் சிவப்புக்கல் சுவர்கள் சாய்வாக எழுந்து வெண்பளிங்குக் குவிமாடத்தைத் தாங்க, அந்தக் குவிமாடத்தின் உச்சியில், நம் கோயில் விமானங்களில் இருப்பதுபோலவே, சிற்பிகள் ஒரு கலசத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேற்கே வெயில் சரியும்போது மதில்நிழல் நீள்கிறது. காவலர் வந்து நேரமாயிற்று என்று கூப்பிடும்வரை அந்தக் கலசத்தில் மாத்திரம் ஒளி நிற்கிறது.