ஃபிட்டுன்னு எழுதிருங்க

காலை எட்டரைக்கே பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. இடம் கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார் நகல் என எல்லாம் மடிப்பு மடிப்பாகக் கைகளில். கோவையின் கிழக்கே, மில்களும் ஃபவுண்டரிகளும் அடர்ந்த பகுதியில் இருக்கிறது இந்த ஈஎஸ்ஐ மருந்தகம். தமிழகத்தில் ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் முதலில் தொடங்கியது இந்த ஊரில்தான், 1955இல். தாத்தா நின்ற வரிசையில் பேரன் நிற்கிற குடும்பங்கள் இங்கே உண்டு.

டாக்டரம்மாவின் அறைக் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே பேசுவது பெஞ்சு வரைக்கும் கேட்கிறது.

மில் விடுதியிலிருந்து வந்த பெண். இருபது வயதுகூட இருக்காது.

"திங்கக்கிழமையிருந்து காய்ச்சலுங்க. அன்னைக்கிருந்தே லீவு போட்டு எழுதுங்க."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை கண்ணு. நான் பாத்த நாள்லயிருந்துதான் எழுத முடியும்."

"எந்திரிக்கவே முடியலீங்க. கூட வர ஆளில்லை."

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி ஒரு நொடி அவள் முகத்தையே பார்க்கிறார். பிறகு வெள்ளிக்கிழமைத் தேதியைத்தான் எழுதுகிறார். முன்தேதி போட அவருக்கு அனுமதி இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த நான்கு நாளும் அந்தப் பெண்ணின் வருகைப் பதிவேட்டில் வெறும் ஆப்சென்ட்.

அடுத்து ஃபவுண்டரிக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்கையில் பழைய தீக்காயத் தழும்புகள். மஞ்சள் காமாலை. உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"ஃபிட்டுன்னு எழுதிருங்கம்மா. நாளைக்கு வேலைக்குப் போயிர்றேன்."

"கண்ணு இன்னும் மஞ்சளாவே இருக்குதே."

"சோறு எறங்குதுங்க. நல்லா நடக்கறேனுங்க."

"நடக்கறது வேற. உலைக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கறது வேற."

வேலைக்கு மட்டம் போடுவதற்காகத் தொழிலாளர்கள் பொய்ச் சீட்டு வாங்குகிறார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த பெஞ்சில் ஒரு காலை உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். உடம்பு தேறாமலே தேறிவிட்டதாக எழுதித் தரச் சொல்லித்தான் இங்கே மன்றாடுகிறார்கள்.

காரணத்தை ஃபவுண்டரிக்காரரே சொல்கிறார். நோய்க்கால உதவியாகச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் உண்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை. 600 ரூபாய் கூலிக்காரருக்கு 420 ரூபாய். முதல் இரண்டு நாளுக்கு எதுவும் இல்லை. சீட்டு கிளை அலுவலகத்துக்குப் போய், கணக்குப் பார்த்து, அதன் பிறகுதான் வங்கிக்குப் பணம் வரும்.

"வூட்டுக்காரி பேர்ல குழுக்கடன் இருக்குதுங்க. புதன்கிழமையானா வாசல்ல வந்து உக்காந்துக்குவாங்க. அவங்ககிட்ட இந்தச் சீட்டக் காட்ட முடியுங்களா?"

டாக்டரம்மாவிடம் இதற்குப் பதில் இல்லை. ஃபவுண்டரிக்காரரின் கண் இமையைக் கீழே இழுத்து மறுபடி பார்க்கிறார். ரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணை வட்டமிடுகிறார். இன்னும் ஏழு நாள் ஓய்வு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்துக்காக அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிறது. 'ஃபிட்' என்று எழுதியிருந்தால் அவருக்கும் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், எதிரே இருப்பவரும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஃபவுண்டரிக்காரர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறார். மருந்து கவுன்டரில் நீண்ட வரிசை. அதில் நின்றபடியே செல்போனை எடுக்கிறார்.

நோய்க்கால உதவி பெறுகிற நாட்களில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் ஈஎஸ்ஐ சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

"மேஸ்திரிங்களா? நான்தானுங்க... ஆமாங்க, இன்னும் ஒரு வாரம் போகோணும்ங்கறாங்க. டாக்டரு எழுதிட்டாங்க... இல்லீங்க, இல்லீங்க. எம்பட எடத்துக்கு வேற ஆளப் போட்றாதீங்க. அடுத்த வெள்ளிக்கெழம வந்தர்றனுங்க."