புகை படிந்த சுவர்

ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபோது நம் தோட்டங்களில் வேலையிழந்தவற்றுள் ஒன்று, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீடு. செம்பனைக் குலைக்குப் புகை எதற்கு? பேராக், சிலாங்கூர்ப் பக்கம் சில இன்னும் நிற்கின்றன. கூரைத் தகரம் போய்விட்டது. வாசலில் லாலாங் மண்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைத் தேடிப்போய்க் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வருகிறேன்.

கலரில் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கலரில் பச்சைக் கொடிதான் முந்திக்கொண்டு கண்ணில் படும். பார்ப்பவர் 'ஆகா, என்ன அழகு!' என்பார். அந்த அழகு எனக்கு வேண்டாம். என் அப்பா அடுப்புக்கு விறகு தள்ளிய இடம் அது. அவர் உழைப்பு படிந்திருப்பது கரிச்சுவரில்; கொடியில் அல்ல.

கரியைப் படம்பிடிப்பதும் லேசல்ல. கேமராவின் ஒளிமானி எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கணக்கிடும். அது சொன்னபடி கேட்டால், கரிச்சுவர் வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல் வந்து நிற்கும். ஆகவே, அது சொல்வதைவிட இரண்டு படி ஒளியைக் குறைப்பேன். 400 வேகமுள்ள இல்ஃபோர்டு பிலிம், ஒரு முக்காலி போதும். கொசுவுக்கு எண்ணெயும் மறக்கக் கூடாது.

எங்கள் தோட்டத்துப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இந்த ஆணியில்தான் உங்கப்பா சட்டையைக் கழற்றி மாட்டுவார். வீட்டுக்கு வந்தும் புகை நாற்றம் போகாது" என்றார். அதைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்தேன். பேனா மை ஊறிவிடும். அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டத்தின் வேலி.

இன்னும் ஏழு படங்களின் பின்புறம் காலியாக இருக்கிறது. அந்தத் தோட்டத்து ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.