எடை மெஷினை மட்டும் நம்பாத குதிரைக்காரர்கள்!

மைதானத்தில் முக்கோணமாக மூன்று டிரம்கள். நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் டிரம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே சைஸ். நாலுகால் பாய்ச்சலில் உள்ளே வரும் குதிரை, முதல் டிரம்மைச் சுற்றி, இரண்டாவதைச் சுற்றி, தள்ளி நிற்கும் மூன்றாவதையும் சுற்றிவிட்டு, வந்த வழியே பறந்து வெளியேறும். மொத்தமே 17, 18 நொடிகள்தான். ஒரு டிரம் சாய்ந்தால் 5 நொடி அபராதம். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு!

இதுதான் பேரல் ரேஸிங். அமெரிக்க ரோடியோக்களில் பெண்கள் கொடிகட்டிப் பறக்கும் விளையாட்டு. சார்மேய்ன் ஜேம்ஸ் என்ற பெண் 1984-ல் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 14. ஸ்கேம்பர் என்ற குதிரையோடு 1993 வரை தொடர்ந்து 10 பட்டங்கள். 1985 தேசிய இறுதிப்போட்டியில் கடிவாளம் கழன்றுபோன பிறகும் ஸ்கேம்பர் மூன்று டிரம்களையும் சுற்றி அந்த ரவுண்டை ஜெயித்தது.

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் இப்படிப்பட்ட வீடியோக்களுக்கு கேப்ஷன் எழுதுவதும் வேலைதான். ஆனால், இந்த முறை கேப்ஷனோடு விட மனசு வரவில்லை. 'இந்தக் குதிரை என்ன சாப்பிடும், எடையை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்' என்று தேடித் தேடிப் படித்தேன். காரணம், என் தங்கை.

ப்ளஸ் ஒன் படிக்கிறாள். கபடியில் ரெய்டர். 55 கிலோ பிரிவில் ஆட வேண்டும். அவள் எடை 57. போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது ராத்திரி சாப்பாடு கட். மொட்டை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டம். எடை பார்க்கும் நாளில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. "தண்ணி குடிச்சா வெயிட் ஏறிடும்க்கா" என்பாள். போன மாதம் எடையில் ஜெயித்துவிட்டாள். இரண்டாவது ரெய்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கை பார்க்கும் எடை

குதிரைக்காரர்களிடமும் எடைக் கணக்கு உண்டு. மார்பின் சுற்றளவை டேப்பால் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, உடம்பின் நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 180 செ.மீ, நீளம் 165 செ.மீ என்றால் சுமார் 450 கிலோ. ஆனால், இந்த எண்ணை வைத்து மட்டும் குதிரை குண்டு, ஒல்லி என்று முடிவு செய்வதில்லை. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கத்தான் அது.

முடிவைச் சொல்வது கை. கழுத்து, தோள், விலா, முதுகு, வால் அடி என்று தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மார்க் போடுகிறார்கள். டெக்சாஸில் ஹென்னிகி என்ற ஆய்வாளர் 1983-ல் கொடுத்த முறை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது. கை வைத்தால் சட்டென்று தட்டுப்பட வேண்டும். அது 5 மார்க். ஓடுகிற குதிரைக்கு அதையொட்டி இருந்தால் நல்லது. கூடினால், டிரம்மை ஒட்டித் திரும்பும்போது அத்தனை பாரமும் கால் மூட்டில் இறங்கும். குறைந்தால், பாய்ந்து கிளம்ப பின்னங்கால் தசையில் வலு இருக்காது.

பட்டினி மருந்தல்ல

எடையைக் குறைக்க வேண்டும் என்றாலும் குதிரையைப் பட்டினி போட மாட்டார்கள். அதன் வயிற்றில் அமிலம் இருபத்து நாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். காலியாக விட்டால் புண்தான். அதனால் உடல் எடையில் 100-க்கு ஒன்றரை முதல் 2 பங்கு வரை உலர்புல், கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. 450 கிலோ குதிரைக்கு 7 முதல் 9 கிலோ. முதலில் குறைப்பது தானியத்தை. அல்ஃபால்ஃபா என்ற தீவனமும் உண்டு. அது வேறொன்றும் இல்லை, நம் ஊர் குதிரை மசால்தான்! அதிலிருக்கும் கால்சியம் அமிலத்தைத் தணிக்கும் என்பதால் ஓட்டத்துக்கு முன் ஒரு பிடி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தீவனத்தை மாற்றுவதென்றால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக மாற்றுவார்கள். தண்ணீரை நிறுத்தும் பேச்சே இல்லை. வியர்த்தால் உப்பும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

பயிற்சியும் அப்படித்தான். 17 நொடி ஓட்டத்துக்கு தினமும் டிரம்மைச் சுற்ற விடுவதில்லை. பெரும்பாலான நாள்களில் நடை, நீண்ட மெதுவோட்டம், நடுவே ஓய்வு. தெம்பு அங்கேதான் சேர்கிறது.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொன்ன ஊர் நம்முடையது. இரண்டு பேருக்குமே சாப்பாடு உண்டு, கவனித்தீர்களா?

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். "குதிரைக்கு 55 கிலோ பிரிவு கிடையாதுல்லக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. பேரல் ரேஸில் குதிரையை எடை போட்டு உள்ளே விடுவதில்லை. புல் தின்கிற பிராணியின் கணக்கு பதினாறு வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தவும் பொருந்தாது. "ஆனா வளர்ற உடம்புடி. ரெண்டு கிலோ ஏறினது கொழுப்பா, தசையான்னு மெஷின் சொல்லாது" என்றேன். அம்மா அதற்குள் தட்டில் இட்லியை வைத்துவிட்டார்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். உயரத்துக்கு ஏற்ற எடைதான், ரத்தசோகைதான் லேசாக இருக்கிறது என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே கோச்சிடம் போய், "55-ல ஆடலை சார், ஓபன்ல ஆடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் முகம் சுளித்தாராம். 55 கிலோ டீமில் அவள்தான் முதல் ரெய்டர். ஓபன் டீமில் அவளைவிட ஐந்து வயது பெரிய அக்காக்கள் இருக்கிறார்கள். இப்போது வெளியே உட்கார்ந்திருக்கும் சப்ஸ்டிட்யூட்.

இரண்டு போட்டிகள் முடிந்துவிட்டன. இன்னும் ஒரு ரெய்டுகூடக் கிடைக்கவில்லை. வருத்தம் இருக்கிறது அவளுக்கு; எனக்கும்தான். ஆனால், பிராக்டீஸுக்குக் கிளம்பும்போது இப்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலை அவளே நிரப்பிக்கொள்கிறாள்.