வடமுனையில் முடிந்த யாத்திரை

நெடும் பயணமொன்றின் கடைசி நாள் ஏனைய நாட்களைப் போன்றதன்று. கால்கள் ஓய்வை நாடும். மனமோ, வழி இன்னும் சற்று நீளாதா என்று ஏங்கும். சென்ற கல்லூரி விடுமுறையில், சுவீடன் தேசத்து லூலியோ நகரில் தொடங்கிய எமது சைக்கிள் யாத்திரை, நோர்வேயின் வடகோடியிலுள்ள வடமுனையில் நிறைவெய்தியது. அந்நிறைவைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

எம்முடன் வந்தவர் ஒஸ்லோவில் வாழும் எமது தமையனார். எம்மிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். பொத்னியாக் குடாவின் கரையைச் சுற்றிப் பின்லாந்தினுட் புகுந்தோம். ரொவானியெமி நகருக்கு அப்பால் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, இனாரி ஏரியோரமாக வடக்கே ஏறி, கரஷோக் வழியாக நோர்வேயை அடைந்தோம். மொத்தம் ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த தூரம். நாட்கணக்கில் இருமருங்கும் நின்ற பைன் மரங்கள் வடக்கே செல்லச் செல்ல அருகின. பேர்ச் மரங்கள் இடுப்பளவாகக் குறுகின. பொர்சாங்கர் நுழைகழியின் ஓரமாகச் செல்லுகையில் அவையும் மறைந்து, பாறையும் பாசியும் காற்றுமே எஞ்சின. சாமி இனத்தவர் வளர்க்கும் பனிமான்கள், வழி தமக்கே உரியதென்பது போல நடுத்தெருவில் நின்று எம்மை நோக்கின.

வடமுனை, மாகெரோயா என்னும் தீவில் உள்ளது. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுரங்கப் பாதையொன்று அத்தீவைப் பெருநிலத்துடன் இணைக்கின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 6.9 கிலோமீற்றர், கடல் மட்டத்திலிருந்து 212 மீற்றர் ஆழம் வரை அது இறங்குகின்றது. இறக்கத்திற் குளிர்காற்று விரல்களை விறைக்கச் செய்தது. எங்கோ தொலைவில் வரும் ஒரு வாகனத்தின் ஓசை பத்து வாகனங்களின் இரைச்சலாகச் சுவர்களில் மோதி எதிரொலித்தது. பின்னர் வந்த ஏற்றத்தில் தமையனாருக்கு மூச்சு வாங்கியது. அவர் இறங்கி வண்டியை உருட்டலானார், நாமும் இறங்கினோம்.

"தம்பி, அந்த நாளில் இந்தக் கடலுக்கு மேலால் கப்பலில் வந்தேன், இன்றைக்குக் கடலுக்குக் கீழால் நடந்து வருகிறேன்" என்று சிரித்தார்.

அந்த நாள் என்பது 1988ஆம் ஆண்டு. அக்காலத்தில் நம்மவர் பலர் பின்மார்க் மாகாணத்துக் கரையோர ஊர்களில் மீன் தொழிற்சாலைகளில் உழைத்தனர். இருபத்திரண்டு வயதில் நாட்டை விட்டு வந்த தமையனாரும் இத்தீவிலுள்ள ஹொனிங்ஸ்வோக் பட்டினத்தில் இரண்டு ஆண்டுகள் மீன் வெட்டினார். இங்கிருந்தும் பின்னர் ஒஸ்லோவிலிருந்தும் அவர் அனுப்பிய பணத்திலேயே வீட்டுக் கடன் தீர்ந்தது. நாம் பட்டதாரியானதும் அதனாலேயே. ஒருமுறை வடமுனையின் படம் பொறித்த அஞ்சலட்டை ஒன்றையும் அனுப்பியிருந்தார். பாறையுச்சியில் ஓர் இரும்புக் கோளம். அதன் பின்னால் நள்ளிரவுச் சூரியன். அதனை எமது படிப்பு மேசைக்கு மேலே ஒட்டி வைத்து, "எங்கள் அண்ணா நின்ற இடம்" என்று பள்ளித் தோழரிடம் பெருமை பேசினோம். 1995 இடப்பெயர்வில் வீட்டுப் பொருள்களோடு அவ்வட்டையும் போயிற்று.

அன்று மாலை ஹொனிங்ஸ்வோக்கில் தங்கினோம். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் பின்மார்க்கின் பெரும்பகுதியை எரித்தபோது, இப்பட்டினத்தில் எஞ்சியது வெண்ணிறத் தேவாலயம் ஒன்றே. திரும்பி வந்த மக்கள் முதலில் அதனுள்ளேயே குடியிருந்து ஊரைக் கட்டியெழுப்பினர். கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கியிருந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

துறைமுகத்தருகே நின்று, "இங்கிருந்து வடமுனைக்கு எப்போது போனீர்கள்?" என்று கேட்டோம்.

"போகவில்லை" என்றார். "ஓய்வு நாளிலும் மேலதிக வேலை இருந்தது. அட்டை கடையில் வாங்கியது. நீ பார்த்துச் சந்தோசப்படுவாய் என்று அனுப்பினேன்."

அங்கிருந்து வடமுனைக்கு 34 கிலோமீற்றர். அன்றிரவு எமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

மறுநாள் அந்த 34 கிலோமீற்றரையும் எதிர்காற்றில் ஏறி முடிக்க நான்கு மணி நேரம் சென்றது. கடலிலிருந்து 307 மீற்றர் செங்குத்தாக உயர்ந்து நிற்கின்றது அப்பாறை. 1553இல் வடகிழக்குக் கடல்வழி தேடிய ஆங்கிலேய மாலுமிகள் இட்ட பெயரே இன்றும் அதற்கு வழங்குகின்றது. 1664இல் பிரான்செஸ்கோ நெக்ரி என்னும் இத்தாலியப் பாதிரியார் இங்கு வந்தார். 1907இல் சீயம் தேசத்து மன்னர் சுலாலங்கோர்ன் வந்தார். மன்னரின் நினைவாக அங்கு ஒரு சிறு காட்சிச்சாலையும் உண்டு. இரண்டு ஆண்டுகள் அருகிலேயே இருந்தும் வந்து பார்க்க வாய்க்காத ஒருவர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான பின் அன்று வந்து சேர்ந்தார்.

தமையனார் கோளத்தின் இரும்புச் சட்டத்தைத் தொட்டபடி பேசாது நின்றார். மேற்கே கடலினுள் தாழ்வாக நீண்டு கிடந்தது கினிவ்ஷெல்லொட்டன் என்னும் நிலக்கூர். அது வடமுனையிலும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் வடக்கே செல்கின்றது, நடந்தே போகவேண்டும். ஆசிரியப் பழக்கம் எம்மை விடவில்லை. "அண்ணா, இத்தீவின் உண்மையான வடகோடி அதுதான்" என்றோம்.

"இருக்கட்டும் தம்பி. அட்டையில் இருந்தது இதுதான்" என்றார்.

பின்னர் கடையில் ஓர் அஞ்சலட்டை வாங்கி, அம்மாவுக்கு முகவரி எழுதி, "நானும் தம்பியும் இங்கே வந்தோம்" என்று ஒரு வரி எழுதினார். நாம் வீடு திரும்பிப் பல நாட்கள் சென்ற பின்னரே அது வந்து சேர்ந்தது. இப்போது அது அம்மாவின் சுவாமி அறையில் இருக்கின்றது.