வலிக்காத நெஞ்சுக்கு ஆபரேஷன்

மூன்று மாதமாக டீச்சரைக் காணோமே என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு.

மூட்டு ஆபரேஷனுக்காகச் சேலம் போனேன். அதற்கு முன் எடுத்த எக்கோவில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடிப்பகுதி வீங்கியிருப்பது தெரிந்தது. நான்கு செ.மீ.க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 5.6. சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைத்து மெலிந்து போகுமே, அதேதான். பொதுவாக 5.5-ஐத் தொட்டால், கிழிவதற்கு முன்பே மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

எனக்கோ வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. "நல்லா இருக்கிற நெஞ்சை ஏன் டாக்டர் பிளக்கணும்?" என்றேன். "கிழிஞ்ச பிறகு ஏற்காட்டிலிருந்து எப்படிம்மா வந்து சேருவீங்க?" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கண்முன் வந்தன. அந்த வழியில்தான், காரிலேயே, என் அப்பா 58 வயதில் போனார். மாரடைப்பு என்றார்கள். என்னவென்று யாரும் பார்க்கவில்லை.

"ரஜினிக்கு 2024 அக்டோபரில் நெஞ்சைத் திறக்காமலேயே ஸ்டென்ட் வைத்தார்களே" என்று பலர் கேட்டீர்கள். நானும் கேட்டேன். வீக்கம் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்ததாம். எனக்கு வால்வை ஒட்டியே வீக்கம். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் அங்கேதான் பிரிகின்றன. ஸ்டென்ட் வைத்தால் அவை அடைபட்டுவிடும். அதனால் நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இயந்திரத்திடம் விட்டு, வீங்கிய பகுதியை வெட்டி எடுத்து, பாலியஸ்டர் குழாய் வைத்துத் தைத்தார்கள். அந்தக் காலத்து டெரிலின் சட்டைத் துணி வகைதான்!

முதல் பத்து நாள், இருமினால் உயிர் போகிற வலி. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவேன். இப்போது ஏரி வரை நடக்கிறேன்.

இதை எழுதக் காரணம், இந்த வீக்கம் குடும்ப வழியாகவும் வரலாம். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒல்லியாய், மிக உயரமாய், நீண்ட விரல்களோடு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

என் பிள்ளைகள் இருவரும் எடுத்துவிட்டார்கள். தம்பி மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்கிறான். எனக்கும் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. அவனைப் பார்க்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்