இரண்டாம் மொழி

2018 மார்ச்சில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதியொருவரின் மரணத்தைத் தொடர்ந்து, திகன, பல்லேகல பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வதந்திகளைத் தடுக்கவென்று அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது.

பாடசாலை திறந்ததும் மாணவனொருவன் கேட்டான்: "சேர், சிங்களக் கூட்டாளிமாரோடு இனி கிரிக்கெட் விளையாட ஏலுமா?"

"தாராளமாக விளையாடு மகன்" என்றேன். ஆனால் விளையாட்டு மட்டும் போதாது. மொழிவாரியாகப் பிரிந்த பாடசாலைகளில், இரண்டாம் மொழியாக நம் பிள்ளைகள் சிங்களமும் அவர்கள் தமிழும் படிப்பது பெரும்பாலும் பரீட்சைக்காகவே. கூட்டாளியின் தாயை "அம்மாட்ட சனீபத?" என்று சுகம் விசாரிக்கத் தெரிந்தால் பாடம் உறவாகும். வதந்தி வரும் நாளில், "ஏக்க எத்தத?", அது உண்மையா என்று நேரே கேட்கவும் ஒருவன் இருப்பான்.