குளிர் காலில்தான் ஏறும்

வன்னியில் உள்ள எங்கள் ஜெயபுரத்தில் தை மாதத்து விடியற்காலையை நாங்கள் கூதல் என்றுதான் சொல்வோம். முற்றத்து மணல் பனியில் நனைந்திருக்கும், பாண் வாங்கப் போகிறவர் தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருப்பார். ஆனால் அளந்து பார்த்தால் வெப்பநிலை இருபது பாகை செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்காது. நுவரெலியாவோ கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் ஊர்க் கூதலில் இருந்து இன்னும் பன்னிரண்டு பாகையைக் கழிக்க வேண்டும். வானம் வெளித்திருக்கும் தை, மாசி இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படியும், தேயிலைக் கொழுந்து கருகும்.

மோட்டார் சைக்கிளில் நுவரெலியா போகிறேன் என்றதும் ஜக்கெற், கையுறை, ஹெல்மெற் என்று ஆளுக்கு ஆள் ஆலோசனை சொன்னார்கள். களிசானைப் பற்றிப் பேசியவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி ஒருவர் மட்டும்தான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. அவருடையதும் அப்படி ஒன்று. இளம் வயதில் கொழுந்து பறித்தவர். "மேலுக்கு என்னத்தப் போட்டாலும் சரி தம்பி, காலுக்கு ஒரு படங்கு கட்டிக்கங்க. குளிரு காலுலதான் ஏறும்" என்றார்.

தோட்டத்துப் பெண்கள் இடுப்பில் இருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டும், தண்ணீர் புகாத விரிப்புத்தான் படங்கு. விடியலில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நுழைந்தால் பனித்தண்ணீர் இடுப்பு வரை நனைத்துவிடும். படங்கில் சூடு தருகிற பஞ்சோ கம்பளியோ கிடையாது. நனையாமலும் காற்றுப் படாமலும் காக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒன்றே பாதிக் குளிரை நிறுத்துகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவரின் காலுக்கும் வேண்டியது அதுதான் என்பதை இந்தப் பயணம் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

குளிர் என்றதும் நம் பெடியள் தடிப்பான ஜீன்சைத் தேடுகிறார்கள். ஜீன்ஸ் எவ்வளவு தடித்தாலும் பருத்திதான். நின்றுகொண்டிருப்பவருக்கு அது போதும். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போகிறவரின் காலில் அதே வேகக் காற்று விடாமல் அடிக்கிறது. நெசவின் இடைவெளியால் புகுந்து, தோலை ஒட்டி நிற்கும் சூடான காற்றை அள்ளிக்கொண்டு போகிறது. கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால், பத்துப் பாகைக் குளிரில் அறுபது கிலோமீற்றர் காற்று, மூடாத முகத்துக்கு ஐந்து பாகை போல உறைக்கும். முழங்காலின் நிலை இன்னும் மோசம். அங்கே எலும்பின் மேல் சதை குறைவு. மடக்கி உட்காரும்போது ஜீன்ஸ் அந்த இடத்தில் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும், சூட்டைப் பிடித்துவைக்கக் காற்றிடைவெளி எதுவும் மிஞ்சாது. கூடவே தூறலும் விழுந்தால் நனைந்த பருத்தி நம்மிடம் இருந்து சூட்டை உறிஞ்சத் தொடங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும்.

அதனால் உள்ளே ஒரு தேர்மல் நீளக் களிசான், அதற்கு மேல் பொலியெஸ்டர் ட்ராக் பொட்டம், பையில் மழை உடுப்பின் களிசான் என்ற ஆயத்தத்தோடு புறப்பட்டேன். முழங்காவில், வெள்ளாங்குளம் வந்து, துணுக்காய், மல்லாவி வழியாக மாங்குளத்தில் ஏ-9 வீதியைப் பிடித்தேன். வவுனியாவிலேயே வெயில் ஏறிவிட்டது. தேர்மலைக் கழற்றி வைத்தேன். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை எங்கும் அனல். நம் நாட்டுப் பயணத்தின் தனிச்சிக்கல் இதுதான். ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் புறப்படும் இடமும் சேரும் இடமும் குளிர். இங்கே காலையில் கூதல், மத்தியானம் வேர்வை, பொழுதுபடக் கடுங்குளிர், எல்லாம் ஒரே நாளில் வருகின்றன. பஞ்சு வைத்துத் தைத்த ஒற்றைத் தடிப்புக் களிசான் வெளிநாட்டில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தம்புள்ளை வெயிலில் அது தண்டனை. வேர்த்து நனைந்த உள்ளுடுப்போடு மலை ஏறினால் குளிர் இரண்டு மடங்காகும். வேண்டும்போது போட்டுக் கழற்றக்கூடிய அடுக்குகளே நமக்குச் சரி.

கண்டியைத் தாண்டி, கம்பளையில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். அப்போது அங்கே குளிரே இல்லை. கடைக்காரர் வியப்பாகப் பார்த்தார். புசல்லாவைக்கு மேலே காற்று மாறியது. றம்பொடையில் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கீழே மேகம் பாதையில் இறங்கிவிட்டது. லபுக்கலைத் தோட்டங்களுக்குள் வளைந்து ஏறும்போது முகமும் விரல்களும் விறைத்தன, ஆனால் கால்கள் கதகதப்பாகவே இருந்தன. காகிதம்போல் மெல்லிய அந்த மழைக்களிசான் காற்றை மறித்துக்கொண்டிருந்தது.

அதற்கும் குறைகள் உண்டு. உள்வேர்வை வெளியேறாமல் ஈரம் தங்கும். சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். விழுந்தால் தாரில் நொடியில் கிழியும். ஆகவே மறுநாள் நுவரெலியா பேல் பஸாரில் நல்லதொன்றைத் தேடினேன். வரிசையாகக் கடைகள், மலைமலையாகக் கம்பளித் தொப்பிகளும் ஜக்கெற்றுகளும் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகளும். அங்கே களிசான் தெரிவு செய்கிறவர் நின்றபடி அளவு பார்த்துவிட்டு வரக்கூடாது. மோட்டார் சைக்கிளில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்கிக் குந்திப் பார்க்க வேண்டும். மடக்கியதும் களிசானின் கால் மேலே ஏறிக் கணுக்காலைத் திறந்துவிட்டால் அது வேண்டாம். இரண்டு அங்குலமாவது நீளம் கூடியது நல்லது. குனியும்போது முதுகின் அடிப்பகுதி தெரியாதபடி பின்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் வந்தால் காற்றும் வரும். சப்பாத்தைக் கழற்றாமலே போடக் கீழிருந்து மேல் வரை பக்க சிப் இருந்தால் வழியோரத்தில் அது பெரிய உதவி. உண்மையான மோட்டார் சைக்கிள் களிசானென்றால் முழங்காலிலும் இடுப்பிலும் காப்புத் தகடு வைக்கும் பை இருக்கும். அந்தத் தகட்டில் ஈஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கணுக்காலில் தொங்கும் அகலக் கால் மட்டும் வேண்டாம், அது சங்கிலியில் சிக்கும்.

காலுக்கு இவ்வளவு பார்ப்பதைச் சொகுசு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இது பாதுகாப்பு. பின் பிறேக் வலது காலில், கியர் இடது காலில். நுவரெலியாவில் இருந்து விடியலில் இறங்குகிறவர் வளைவுக்கு வளைவு இரண்டையும் பாவிக்க வேண்டும். விறைத்த பாதத்துக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது.

நான் இறங்கிய காலையிலும் பாதையோரம் பெண்கள் படங்கு கட்டி மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பலருக்கு மேலே ஒரு பழைய சுவெற்றர், காலில் செருப்பு. குளிர் நாடுகளுக்கான உடுப்புகளைத் தைத்து அனுப்பும் நாடு இது. உறைபனி விழும் மாதங்களிலாவது தோட்ட நிர்வாகங்கள் அவர்களுக்கு நல்ல குளிருடுப்பும் சப்பாத்தும் கொடுக்க வேண்டும்.

வன்னியில் இருந்து மலைக்கு ஏறப்போகிற தம்பி, தங்கையருக்கு நான் சொல்வது இதுதான். ஒரு களிசானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் தடிப்பானதை விட்டுவிட்டுக் காற்றை மறிப்பதை வாங்குங்கள். உள்ளே போட வீட்டில் ஏதாவது இருக்கும். குளிரத் தொடங்கும்வரை காத்திருக்காமல் கம்பளையிலேயே நிறுத்திப் போட்டுவிடுங்கள்.